ஓடுகிற படகுக்குத்தான் கால்வாய்

கோடை சீசனில் ஊட்டி படகு இல்லத்தின் டிக்கெட் வரிசையைப் பார்க்கிற வெளியூர்க்காரர், நீலகிரி ஏதோ படகோட்டிகளின் ஜில்லா என்று நினைத்தாலும் ஆச்சரியமில்லை. மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு எல்லாம் உண்டு. ஆனால் எதில் ஏறினாலும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஏறிய துறையிலேயே இறங்க வேண்டும். ஓரிடத்தில் ஏறி வேறிடத்தில் இறங்குகிற வாகனம்தான் படகு என்பதை ஊட்டி மறந்து தலைமுறைகள் ஆகின்றன.

தொடக்கத்தில் அப்படியில்லை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1823-ல் தொடங்கி 1825-ல் முடித்த ஏரி இது. மலையோடைகளை மறித்துக் கரை போட்டு உண்டாக்கியது. மீன் பிடிக்கவும், இக்கரையிலிருந்து அக்கரைக்குப் படகில் போய்வரவும்தான் யோசனை. இன்றைக்கு பஸ் ஸ்டாண்ட் இருக்கும் இடம், குதிரைப் பந்தய மைதானம், லேக் பார்க் எல்லாம் அன்றைக்கு ஏரிக்குள் கிடந்தவை. கரை மூன்று தடவை உடைந்து ஏரி காலியாகியிருக்கிறது. உடைந்த கரையை ஒவ்வொரு முறையும் கட்டிவிட்டார்கள். நிரவிய இடம் மட்டும் திரும்பவில்லை. கடந்து போகிறவர் இல்லாத தண்ணீரைச் சுருக்குவது சுலபம். வழக்குப் போட ஆள் வராது.

ஏரியை ஒட்டி காந்தலில் குடியிருக்கிற எங்களுக்கு இந்தத் தண்ணீரின் போக்குவரத்து வேறு மாதிரித் தெரியும். கோடப்பமந்து கால்வாய் ஊரின் நடுவே வந்து ஏரியில் விழுகிறது. கனமழை நாட்களில் அது பொங்கிச் சாலை ஏறுவது உள்ளூர்ப் பத்திரிகைகளுக்குத் தவறாமல் கிடைக்கிற செய்தி. நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் இருப்பது காந்தலில். ஏரி வழிந்தால் தண்ணீர் காமராஜ் சாகர் அணைக்கு. கடைசியில் மாயாறு வழியாகப் பவானிக்கு. ஊட்டிக்காரர்கள் வாயில் ‘கால்வாய்’ என்ற சொல் சாக்கடையைத்தான் குறிக்கும். படகு போகிற கால்வாய் என்று ஒன்றை இந்த மலையில் யாரும் வெட்டியதில்லை. சரிவில் வெட்டவும் முடியாது.

அதனால்தான், பழைய கால்வாய்ப் படகுகளை வாங்கி, செப்பனிட்டு, அதிலேயே குடியும் இருக்கிற ஆங்கிலேயர்களின் கதை எனக்கு விசித்திரமாகப் பட்டது. ஒரு பொழுதுபோக்கு என்று ஒதுக்கித் தள்ளக்கூடிய விஷயம்தான். ஆனால் அந்தப் பொழுதுபோக்குதான் மூடவிருந்த கால்வாய்களை மூடவிடாமல் தடுத்தது. அதே ஆசாமிகளில் ஒருவர்தான் உலகில் பழைய ரயில்களைக் காப்பாற்றும் இயக்கத்தையும் தொடங்கி வைத்தார். மலை ரயில் கூவுவதைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரனுக்கு அந்தக் கதையில் கொஞ்சம் உரிமை உண்டு.

ஏழடி அகலத்தில் ஒரு குடும்பம்

‘நேரோபோட்’ என்கிற அந்தப் படகு எழுபது அடி நீளம் போகும். அகலமோ ஏழடிக்கும் குறைவு, ஒரு லாரியின் அகலம்கூட இல்லை. இந்த அளவுக்குக் காரணம் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர். 1766-ல் தொடங்கி 1777-ல் முடிந்த டிரென்ட் – மெர்ஸி கால்வாயில், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் படகை ஏற்றி இறக்கும் லாக்குகளை அவர் ஏழடி அகலத்துக்கு அமைத்தார். மேட்டில் தண்ணீர் கிடைப்பது அரிது. லாக் பெரிதானால் ஒவ்வொரு படகுக்கும் அவ்வளவு தண்ணீர் கீழே போய்விடும். மலையைக் குடைந்த சுரங்கத்தின் செலவு வேறு. அவர் அன்று போட்ட கணக்குக்குள் அடங்கத்தான் மத்திய இங்கிலாந்தின் படகுகளெல்லாம் இரண்டரை நூற்றாண்டாக ஒடுங்கிக் கொள்கின்றன.

கரையில் நடக்கும் குதிரை கயிற்றால் இழுக்க, நிலக்கரியும் களிமண் பாண்டங்களும் போயின. ரயில் வந்து சரக்கு வாடகை குறைந்ததும், கரையில் வீடு வைத்துக் கட்டுப்படியாகாத படகோட்டிகள் பெண்டாட்டி பிள்ளைகளைப் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். பின்பக்கம் பத்தடி நீளத்தில் ஒரு அறை. அதில் கரி அடுப்பு, கதவைக் கீழே இறக்கினால் மேஜையாகும் அலமாரி, குறுக்கே விரிக்கும் கட்டில், சுவரில் பித்தளைச் சாமான்களும் பின்னல் விளிம்புத் தட்டுகளும். கதவெல்லாம் ரோஜாப் பூவும் கோட்டையுமாகச் சித்திரம். இதைப் பார்த்து இன்று ரசிக்கிறோம். அன்றைக்கு அதற்குள் குழந்தைகள் எத்தனை பேர் மூச்சுமுட்டிக் கிடந்தார்கள் என்பதுதான் கவலை. ஜார்ஜ் ஸ்மித் என்பவர் ஊர் ஊராகப் பிரசாரம் செய்து, படகில் குடியிருப்போரைப் பதிவு செய்யவும் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தவும் 1877-ல் சட்டம் கொண்டுவர வைத்தார். பழம்பொருளைக் கொண்டாடுகிறபோது இந்தப் பக்கத்தை மறைப்பது எல்லா ஊருக்கும் உள்ள வழக்கம்.

1912 வாக்கில் போலிண்டர் என்ற ஸ்வீடன் எஞ்சின் குதிரைக்குப் பதிலாக வந்தது. ஒரே சிலிண்டர். அதன் தலையிலுள்ள குமிழை ஊதுவிளக்கால் பழுக்கக் காய்ச்ச வேண்டும்; பிறகு சக்கரத்தைக் காலால் உதைத்துச் சுழற்ற வேண்டும். பிடித்துக்கொண்டால் ‘டொக்… டொக்… டொக்’ என்று நடுவில் ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு ஓடும். பின்னால் போக கியர் கிடையாது. எஞ்சினையே எதிர்த்திசையில் சுழல வைக்கும் வித்தை தெரிந்திருக்க வேண்டும். இன்றும் பழைய படகு வைத்திருக்கிறவர்கள் புது டீசல் எஞ்சினை வேண்டாமென்று சொல்லி, இதைத் தேடிப் பிடித்துப் பொருத்துகிறார்கள். அந்தத் துடிப்புக்குத்தான் அந்தக் காசு.

செப்பனிடுகிற வேலையோ பொறுமையைச் சோதிப்பது. மரப் படகுகளில் பக்கப் பலகை ஓக், அடிப்பலகை எல்ம். எல்ம் மரம் தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் அழுகாது. நனைந்தும் காய்ந்தும் மாறி மாறிக் கிடந்தால் போயிற்று. பலகைகளின் இடுக்கில் தாரில் தோய்த்த நாரை உளியால் அடித்து இறுக்குவார்கள். அதன் மேல் உள்பக்கம் ‘சாலிக்கோ’ என்ற குழம்பு. தார், மாட்டு மயிர், குதிரைச் சாணம் மூன்றையும் சட்டியில் காய்ச்சிச் சூடாகப் பூசுவது. கிண்டல் இல்லை, ஆவணப்பூர்வமான செய்முறை. இரும்புப் படகென்றால் ரிவெட்டு. அடியில் மட்டும் எல்ம் பலகை. 1970-களில் பூஞ்சை நோய் வந்து இங்கிலாந்தின் எல்ம் மரங்கள் கோடாரி படாமலே அழிந்தன. அகலமான எல்ம் பலகைக்கு எங்கே போவது? பலர் அடியை வெட்டி எறிந்துவிட்டு எஃகுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். அப்போது எழுந்த சண்டை இன்னும் ஓயவில்லை. அடியும் புதிது, எஞ்சினும் மாறியது, அறையும் புதிது என்றால் மிச்சமிருக்கும் பழைய படகு எது? பதிவு எண்ணா?

எஃகோ இரும்போ, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை படகைத் தண்ணீரிலிருந்து ஏற்றி, பாசி சுரண்டி, தார்ப் பூச்சு அடித்தே தீரவேண்டும். அடிப்பகுதியில் மக்னீசியக் கட்டிகளைப் பற்றவைப்பார்கள்; துரு முதலில் அந்தக் கட்டியைத் தின்னட்டும், தகடு தப்பட்டும் என்று. சொந்தக்காரராவது ஒரு நாள் வேலை, படகைக் காப்பாற்றுவது ஆயுசு வேலை என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பாலத்தைத் தூக்கச் சொன்னவர்

1939 ஜூலையில் டாம் ரோல்ட் என்ற இளம் பொறியாளர், பான்பரி ஊரின் டூலி படகுப் பட்டறையில் தயாரான ‘கிரெஸ்ஸி’ என்ற பழைய மரப் படகில் மனைவியுடன் கிளம்பினார். உறவினர் ஒருவரிடமிருந்து வந்த படகு அது. சரக்கு ஏற்றிய இடத்தில் படுக்கையறை, புத்தக அலமாரி, குளிக்கத் தொட்டி. இரண்டு மாதத்தில் உலகப் போர் வந்துவிட்டது. பயண அனுபவத்தை எழுதிய ‘நேரோ போட்’ என்ற புத்தகத்துக்குப் பதிப்பகம் கிடைக்கவே பாடாகி, 1944 டிசம்பரில்தான் வெளியாயிற்று. போரில் அலுத்துப்போன வாசகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதைப் படித்துவிட்டு வந்து பார்த்த ராபர்ட் எய்க்மேன் என்பவரோடு சேர்ந்து 1946-ல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் பிறந்தது.

அடுத்த வருஷம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. பர்மிங்ஹாம் அருகே ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாயின் குறுக்கே, போர்க்காலத்தில் தூக்குப் பாலத்தை எடுத்துவிட்டு அசையாத இரும்புப் பாலமொன்றைத் தாழ்வாக வைத்துவிட்டார்கள். கால்வாய் ரயில்வே கம்பெனியின் சொத்து. சட்டப்படி படகு போகும் உரிமை மட்டும் ரத்தாகவில்லை. பிரபுக்கள் சபையில் கேள்வி எழுப்ப வைத்தார்கள். முன்கூட்டித் தகவல் கொடுத்தால் பாலத்தைத் தூக்கித் தருவோம் என்று பதில் வந்தது. பதில் சொன்னவர், யாரும் வரமாட்டார்கள் என்று நம்பியிருக்க வேண்டும். ரோல்ட் தகவல் கொடுத்தார். 1947 மே மாதம் கிரெஸ்ஸி வந்து நின்றபோது ரயில்வே தொழிலாளர்கள் ஜாக்கி வைத்துப் பாலத்தைத் தூக்க, படகு அடியில் உராய்ந்துகொண்டு போயிற்று. அதற்குப் பிறகு வேறு படகுகளும் அதே கடுதாசியை எழுத ஆரம்பித்தன. மூடுவதற்குத் திட்டம் போட்டிருந்த அந்தக் கால்வாயின் தெற்குப் பகுதியை, தன்னார்வலர்களும் சிறைக்கைதிகளும் தூர்வாரிச் சீர்செய்ய, 1964-ல் ராஜமாதா வந்து திறந்துவைத்தார்.

ரோல்டும் எய்க்மேனும் சீக்கிரமே சண்டை போட்டுப் பிரிந்தார்கள். தொழில் செய்கிற படகோட்டிகளும் அவர்கள் வாழ்க்கையும் நிலைக்க வேண்டும் என்பது ரோல்டின் கவலை. எந்த உபயோகத்துக்கானாலும் சரி, உல்லாசப் பயணமானாலும் சரி, ஒவ்வொரு மைலும் திறந்திருக்க வேண்டும் என்பது எய்க்மேனின் பிடிவாதம். 1951-ல் ரோல்டைச் சங்கத்திலிருந்து விலக்கினார்கள். யார் சொன்னது சரி? மனசு ரோல்ட் பக்கம் போகிறது. நடந்ததோ எய்க்மேன் சொன்னபடி. 1962–63 குளிர்காலத்தில் கால்வாய்கள் மாதக்கணக்கில் உறைந்து கிடந்ததில் சரக்குப் படகுத் தொழில் அநேகமாக முடிந்தே போயிற்று. உல்லாசப் படகு இல்லாவிட்டால் கால்வாயும் சேர்ந்து முடிந்திருக்கும். இன்று சுமார் 2,000 மைல் நீர்வழியைக் கவனிக்கும் அறக்கட்டளையிடம் உரிமம் பெற்ற படகுகள் 35,000 அளவில். பெரும்பாலானவை புதிய எஃகுப் படகுகள். அசலான பழைய சரக்குப் படகுகளை வைத்திருப்போர் 1966-லேயே தனிச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். டூலி பட்டறை இன்னும் இருக்கிறது. ஒரு வணிக வளாகம் அதைச் சூழ்ந்து எழும்பிவிட்டது.

விலக்கப்படுவதற்கு முன்பே ரோல்ட் வேறு வேலையைக் கையில் எடுத்திருந்தார். வேல்ஸில் டாலிலின் என்ற குட்டி ரயில் பாதை, சொந்தக்காரர் இறந்து நிற்கப் போகிற நிலை. 1950 அக்டோபரில் பர்மிங்ஹாம் ஓட்டல் ஒன்றில் கூட்டம் போட்டார். 1951 மே மாதம் தன்னார்வலர்கள் ரயிலை ஓட்டிக் காட்டினார்கள். உலகில் ஆர்வலர்கள் காப்பாற்றிய முதல் ரயில் பாதை அதுதான். படகில் கற்ற பாடத்தைத் தண்டவாளத்தில் போட்டார் என்று சொல்லலாம்: காட்சிக்கு வைத்தால் போதாது, ஓட்டு.

நம் பக்கம் போன வழி

இப்போது நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் படகு போன பெரிய கால்வாய் பக்கிங்காம். 1806-ல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கியது, பழவேற்காடு தாண்டி வடக்கேயும், பிற்பாடு தெற்கேயும் நீண்டது. 1877–78 தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாதவர்களை வேலைக்கு வைத்துக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் ஒட்டிக்கொண்டது. பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். ஆறு குறுக்கிடும் இடங்களில் லாக்குகள். ஸ்ரீஹரிகோட்டாவின் விறகும் உப்பளங்களின் உப்பும் இதில்தான் சென்னைக்கு வந்தன. ஒரு தலைமுறை சென்னைவாசிகளின் சோறு அந்த விறகில் வெந்தது.

இழுத்தது குதிரையல்ல, மனிதர்கள். 1934-ல் பாரதிதாசன் நண்பர்களுடன் இந்தக் கால்வாய் வழியே படகில் மாமல்லபுரம் போனார். ‘மாவலிபுரச் செலவு’ அந்தப் பயணத்தில் பிறந்த கவிதை. உல்லாசமாகத் தொடங்குகிற அந்தப் பாட்டு, கரையில் கயிறு இழுத்துப் போகிறவர்கள் படும் துன்பத்தைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறது. நான் அறிந்தவரை பக்கிங்காம் படகோட்டிகளுக்கு ஒரு கவிஞர் எழுப்பிய ஒரே நினைவுச் சின்னம் அதுதான்.

1965, 1966 புயல்கள் கால்வாயை அடித்துப் போட்டன. லாரி ஏற்கெனவே வந்துவிட்டது. தூர்வாரக் காசு செலவழிக்க யாருக்கும் மனமில்லை. 1990-களில் பறக்கும் ரயிலுக்கு இடம் தேடியபோது, யாருக்கும் சொந்தமில்லாததுபோல் கிடந்த கால்வாயின் மேலேயே தூண்களை இறக்கினார்கள். சேப்பாக்கத்திலிருந்து திருமயிலை வரை ரயில் நிலையங்களைப் பார்த்தால் கால்வாய் எங்கே என்று தேட வேண்டும். 2004 சுனாமியில் கடலோர ஊர்களுக்கும் அலைக்கும் நடுவே இந்தப் பள்ளம் தண்ணீரை வாங்கிக்கொண்டது. அப்போது கொஞ்ச நாள் எல்லாரும் அதன் அருமையைப் பேசினார்கள். 2008-ல் தேசிய நீர்வழி எண் 4-ல் சேர்த்தார்கள். எண் இருக்கிறது.

குமரி மாவட்டத்தின் ஏ.வி.எம். கால்வாய் கதையும் கிட்டத்தட்ட இதுவே. அனந்த – விக்டோரியா – மார்த்தாண்டம் என்று சாமி, மகாராணி, ராஜா மூன்று பேர் பெயரையும் தாங்கியது. 1860-ல் திருவிதாங்கூர் தொடங்கியது. இன்றைக்குப் பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறது.

இங்கேதான் இங்கிலாந்துக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் உறுத்துகிறது. பக்கிங்காமில் ஓடிய சரக்குப் படகுகளில் ஒன்றையாவது வாங்கிச் சீர்செய்து, “எனக்குப் பாதை விடுங்கள்” என்று கடுதாசி போட்ட ஒருவரை நான் கேள்விப்பட்டதில்லை. இழுத்தவர்களுக்கு அது அடிமாட்டு வேலை. விட்டால் போதும் என்று போனதில் தப்பே இல்லை. காசு உள்ளவர்களுக்கோ அது நாற்றமடிக்கிற வாய்க்கால். நடுவில், பழசின் மேல் ஆசையும் கையில் கொஞ்சம் நேரமும் உள்ள ஒரு ரகம் இருக்கிறதே, பழைய புல்லட்டையும் ஃபியட்டையும் மெருகேற்றி வைத்துக்கொள்கிற ரகம், அவர்கள் தண்ணீர்ப் பக்கம் வரவேயில்லை.

கயிற்றால் கட்டிய படகு

வந்தவர்கள் மலையின் மறுபக்கத்துக்காரர்கள். கூடலூர்ப் பக்கம் பெய்கிற மழை மேற்கே இறங்கிச் சாலியாற்றில் சேர்கிறது. அந்த ஆற்று வழியே நிலம்பூர்த் தேக்கு மிதந்து கீழே போயிற்று. மலபார் கலெக்டர் கனோலி 1848-ல் ஆறுகளை இணைத்துக் கோழிக்கோட்டில் ஒரு கால்வாய் வெட்டினார். நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டதும் அதே கனோலிதான். கேரளத்தில் கால்வாய் கடைசிவரை ஊர்களின் தெருவாகவே இருந்தது. அதனால் படகும் பிழைத்தது.

அங்கே நெல் சுமந்த கெட்டுவள்ளத்தில் ஆணியே கிடையாது. ஆஞ்சிலிப் பலகைகளில் துளையிட்டு, இடுக்கில் தேங்காய் நார் திணித்து, கயிற்றால் இழுத்துக் கட்டுவது. மேலே முந்திரிக்கொட்டைத் தோட்டைக் காய்ச்சி எடுத்த கறுப்பு எண்ணெய். படகு மோதினால் ஆணி வைத்த படகு பிளக்கும்; இது கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். சென்னைக் கடற்கரையில் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் இறக்கிய மசூலாப் படகுகளும் இதே முறையில் தைத்தவைதான். கயிறு உளுத்துப் போனால் முழுப் படகையும் பிரித்து, பலகையைக் காயவைத்து, புதுக் கயிற்றால் மறுபடி கட்ட வேண்டும். பார்க்கப் போனால், செப்பனிடுதல் என்பதைப் படகின் அமைப்பிலேயே வைத்துவிட்டார்கள். இதில் எது பழைய படகு என்ற ஆங்கிலேயச் சண்டைக்கு இடமேயில்லை.

பாலங்களும் லாரிகளும் வந்து கெட்டுவள்ளங்கள் கரையில் கிடந்தபோது, 1990-களின் தொடக்கத்தில் சுற்றுலாக்காரர்கள் சிலர் அவற்றின் மேல் மூங்கிலும் பனம்பாயும் கொண்டு வீடு கட்டினார்கள். ஆலப்புழையின் படகுவீடு உலகப் பிரசித்தமாயிற்று. 1993-ல் கொல்லம் – கோட்டப்புரம் வழி தேசிய நீர்வழி எண் 3 ஆயிற்று. எய்க்மேன் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார். ரோல்ட் முகம் சுளித்திருப்பார். அவருக்கும் நியாயம் உண்டு. பழைய வள்ளங்கள் தீர்ந்ததும் ஏ.சி. அறைக்கு ஏற்றபடி புதியவற்றைக் கட்டினார்கள். வேம்பநாட்டுக் காயலில் டீசலும் கழிவும் மிதக்கிறது என்ற புகார் ஓயவேயில்லை. இருந்தாலும் கயிறு கட்டத் தெரிந்த கை இன்னும் அங்கே இருக்கிறது. தண்ணீர் கெட்டால் தொழில் கெடும் என்று கூச்சல் போட ஆளும் இருக்கிறது. பக்கிங்காம் கரையில் அந்தக் கூச்சல்கூடக் கேட்காது.

குன்னூர் ஷெட்டில்

நீலகிரிக்குத் திரும்பினால், ஓட்டிக் காப்பாற்றிய பொருள் ஒன்று கண்முன்னே இருக்கிறது. மேட்டுப்பாளையம் – குன்னூர் ரயில் பாதை 1899-ல் திறந்தது, ஊட்டிக்கு 1908-ல் வந்தது. 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம். பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம். இதில் பல்லைக் கடித்து ஏறுகிற எக்ஸ் வகை எஞ்சின்கள் ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை. நான்கு சிலிண்டர். கீழே உள்ள இரண்டும் சக்கரங்களைச் சுழற்றும். பல்சட்டப் பகுதி வந்ததும் அங்கே வேலை செய்த நீராவி மேலே உள்ள இரண்டுக்குப் போய்ப் பற்சக்கரத்தைத் திருப்பும். ஏற்றத்தில் எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். பெட்டிகளின் முன்மாடத்தில் பிரேக்ஸ்மேன்கள் நின்று கொடி காட்டி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே வருவார்கள். அந்த வேலையை இன்னும் மனிதர்கள்தான் செய்கிறார்கள்.

ஸ்விஸ் கம்பெனியிடம் உதிரி பாகம் கேட்க முடியாத காலம் வந்தபோது, குன்னூர் ஷெட்டும் திருச்சி பொன்மலைப் பட்டறையும் தாங்களே வார்த்துக் கடைந்து கொண்டன. இந்த நூற்றாண்டில் பொன்மலை எண்ணெயில் எரியும் எக்ஸ் எஞ்சின்களைப் புதிதாகவே செய்தது. 2021-ல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் செய்து அனுப்பியது. நூறு வருஷத்துக்கு முந்திய வரைபடத்தில் புது எஞ்சின்! அது அசலா நகலா என்று கேட்கிறவர்களை, கல்லாறில் அது மலையேறும்போது வந்து பார்க்கச் சொல்வேன். 2005-ல் இந்த ரயில் பாதை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது நல்லதுதான். ஆனால் பட்டியலில் ஏறும் முன்பே நூறு வருஷம் மழையில் சரிந்த மண்ணை அள்ளி வழி திறந்தவர்கள் இருந்தார்கள். 2009 நவம்பர் சரிவுக்குப் பிறகும் அதையே செய்தார்கள். டிக்கெட் வாங்கியவர் கீழே காத்திருந்ததுதான் காரணம்.

தண்ணீரில் இதைச் செய்ய நம்மிடம் ஆளில்லை என்று சொல்ல முடியாது. தூத்துக்குடியில் மரத்தோணிகள் இன்றும் சரக்கேற்றிக் கடல் தாண்டுகின்றன. அடிமரமான ஏராக்கட்டை வைத்து, விலாச் சட்டமான வங்குகால் நிறுத்தி, பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பத்து பார்க்கிற கைகள் அங்கே உண்டு. கண்ணாடி இழைப் படகு வந்து அந்தக் கைகளைக் குறைத்துவிட்டது, தீர்த்துவிடவில்லை. எழுபதடி கால்வாய்ப் படகொன்று அவர்களுக்குப் பெரிய காரியமல்ல. அலையே இல்லாத தண்ணீரில் ஓடப்போகிற படகு என்றால் சிரித்துக்கொண்டே செய்வார்கள்.

வழியும் அடியோடு போய்விடவில்லை. சென்னைக்குள் பக்கிங்காமைத் திருப்பிக் கேட்பது வீண் பேச்சு. தூண்களை யாரும் பிடுங்கப் போவதில்லை. முட்டுக்காட்டுக்குத் தெற்கே, கழிமுகத்து உப்புநீர் ஏறி இறங்குகிற பகுதியில் கால்வாய் இன்னும் கால்வாயாகத் தெரிகிறது. முட்டுக்காட்டில் சுற்றுலாத் துறையின் படகு இல்லமும் இருக்கிறது, ஊட்டியைப் போலவே ஏறிய இடத்தில் இறக்கிவிடுகிற படகுகளோடு. அங்கிருந்து மாமல்லபுரம் வரை, பாரதிதாசன் போன திசையில், ஒரே ஒரு படகு வாரத்துக்கு ஒரு நாள் போய்வந்தால் போதும். எந்த இடத்தில் பாலம் இடிக்கிறது, எந்த இடத்தில் சேறு தட்டுகிறது, எந்த ஓட்டலின் குழாய் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது முதல் நாளே தெரிந்துவிடும். புகார் எழுத அப்போது ஒருவர் இருப்பார், பயணச் சீட்டு எண்ணோடு.